டிகாஹ்ட்னு கரையோரம்: டெனாய்னா மக்களின் நாட்டில் ஒரு கோடைப் பயணம்

ஜூலை 12, 2024, வெள்ளி: ஆங்கரேஜ்

ஆங்கரேஜ் நகரத்தின் மேற்குக் கரையில் நின்று பார்த்தால், நீருக்கு அப்பால் அகன்று தாழ்ந்த ஒரு மலை தெரிகிறது. நினைவுப்பொருள் கடைகளில் அதன் படம் ‘உறங்கும் பெண்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. காதலனுக்காகக் காத்திருந்து உறங்கிப்போன ஒரு பெண்ணின் கதை, தொல்குடிக் கதை என்ற குறிப்போடு அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கிறது. அது தொல்குடிக் கதையன்று. இருபதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறியவர்கள் புனைந்த கதை. இந்த நிலத்துக்கு உரியவர்களான டெனாய்னா மக்கள் அம்மலையைச் சின்ன மலை என்ற பொருளில் த்கெலிஷ்லா என்கிறார்கள். அதற்கு வடக்கே வானம் தெளிந்த நாள்களில் மட்டும் தெரியும் டெனாலி, அவர்களுக்கு த்கெலாய் காஆ, அதாவது பெரிய மலை. இன்று மேகமும் தூறலுமாக இருந்ததால் சின்ன மலையை மட்டுமே பார்க்க முடிந்தது.

இந்த மக்களையும் அவர்கள் மொழியையும் அறிந்துகொள்ளவே இங்கே வந்தேன். அலாஸ்காவின் உள்நாட்டிலும் கனடாவின் வடமேற்கிலும் பரவிக் கிடக்கும் அதபாஸ்கன் மொழிகளுள் ஒன்று டெனாய்னா. பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே அரிசோனாவின் வறண்ட நிலத்தில் பேசப்படும் நவஹோவும் அதற்கு உறவுமொழியே. வடபுலத்து அதபாஸ்கன் மக்களுள் உப்புநீர்க் கரையில் குடியேறி, கடல் விலங்கு வேட்டையையும் தோல்படகையும் தம்முடையனவாக்கிக் கொண்டவர்கள் இவர்கள் மட்டுமே. வரைபடங்கள் குக் இன்லெட் என்று குறிக்கும் நீண்ட கடற்கழியின் இரு கரைகளும், அதற்கு மேற்கே மலைகளைத் தாண்டிய ஏரிகளும் இவர்களுடைய நாடு. அந்தக் கடற்கழிக்கு இவர்கள் இட்ட பெயர் டிகாஹ்ட்னு. நெடுஞ்சாலைப் பலகைகளில் சுசிட்னா, டல்கீட்னா, சூலிட்னா என்று வரிசையாக வரும் பெயர்கள் எல்லாம் ஆறுகளுக்கு இவர்கள் வைத்தவை. ஆங்கிலேயர் வாயிலும் ரஷ்யர் வாயிலும் புரண்டு உருமாறி வந்திருக்கின்றன.

நகரம் பிறந்த இடமான ஷிப் க்ரீக் ஓடைக்கு மாலையில் நடந்து போனேன். 1915-இல் ரயில்பாதை போடுவதற்காக இந்த ஓடைக்கரையில் கூடாரங்கள் எழுந்தன. அதுவே ஆங்கரேஜின் தொடக்கம் என்று வரலாறு சொல்கிறது. அதற்கு முன்பு இங்கே ஆண்டுதோறும் கோடையில் டெனாய்னா குடும்பங்கள் வந்து தங்கி மீன் பிடித்தன. த்கெயாய்ட்னு என்ற ஓடையின் பழைய பெயரைத் தாங்கிய கம்பம் ஒன்று இப்போது அருகே நிற்கிறது. 2008-இல் திறக்கப்பட்ட நகரத்தின் பெரிய மாநாட்டு மண்டபத்துக்கும் டெனாய்னா என்றே பெயர். 2014-இல் அலாஸ்கா மாநிலம் ஆங்கிலத்தோடு இருபது தொல்குடி மொழிகளுக்கும் அலுவல் மொழி என்ற தகுதியைச் சட்டப்படி அளித்தபோது டெனாய்னாவும் அதில் இடம்பெற்றது. இவையெல்லாம் வேண்டிய செயல்களே. ஆனால் அந்த மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள். பலகையில் ஏறிய மொழி பேச்சில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே இந்தப் பயணத்தின் நோக்கம்.

இரவு உணவுக்குச் சால்மனும் உருளைக்கிழங்கும் பாலும் சேர்ந்த கெட்டிச் சூப்பு ஒரு கிண்ணம், ரொட்டியோடு 16 டாலர். ஆங்கரேஜில் விற்பனை வரி இல்லை என்பதால் அட்டையில் இருந்த விலையையே வாங்கினார்கள். இரவு பதினொரு மணிக்கும் தெருவில் வெளிச்சம் இருந்தது.

ஜூலை 13, சனி: எக்லூட்னா

நகரத்திலிருந்து வடகிழக்கே நாற்பது கிலோமீட்டர் சென்றால் எக்லூட்னா. ஆங்கரேஜ் மாநகராட்சியின் எல்லைக்குள் இன்றும் டெனாய்னா மக்கள் வாழும் ஊர் இது. டெனாய்னாவில் இட்லுகெட் என்பார்கள். ஊருக்கு அருகே அடுத்தடுத்து எழும் இரண்டு குன்றுகளைக் கொண்டு வந்த பெயர்.

இங்கே ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்த, மரக்கட்டைகளால் ஆன பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் உள்ள இடுகாட்டில், ஒவ்வொரு கல்லறையின் மேலும் இடுப்பளவு உயரமுள்ள சிறு மரவீடு வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவரை அடக்கம் செய்தபின் மண்மேட்டின்மேல் போர்வையை விரித்து, நாற்பது நாள் கழித்து அதன்மேல் இந்த வீட்டைக் கட்டுகிறார்கள். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பூசியிருக்கும் வண்ணங்கள் அந்தந்தக் குடும்பத்துக்கு உரியவை. முற்காலத்தில் இறந்தவர்களை எரித்துவந்த மக்கள், திருச்சபை வந்தபின் புதைக்கத் தொடங்கினார்கள். அப்போதும் இறந்தவரின் ஆவி தங்க ஓர் இடம் வேண்டும் என்ற தம் எண்ணத்தைக் கைவிடாமல் சிலுவையோடு சேர்த்து நட்டுவைத்தார்கள். பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதில்லை. மரம் மட்கி மண்ணோடு சேர விட்டுவிடுகிறார்கள். அங்கிருந்த இளைஞர், படம் எடுக்கலாம், ஆனால் வீடுகளின்மேல் கை வைக்கவோ சாயவோ வேண்டாம் என்று மென்மையாகச் சொல்லிவிட்டு, நாங்கள் கேட்கும்வரை வேறெதுவும் பேசாமல் கூடவே நடந்தார். இந்தப் பேசாமை எனக்கு முதலில் புதிதாக இருந்தது. பதில் சொல்லும் முன் நெடுநேரம் எடுத்துக்கொள்வதும், அந்த இடைவெளியை மற்றவர் பேசி நிரப்பாமல் இருப்பதும் இங்கே மரியாதை என்பது இரண்டு மூன்று உரையாடல்களுக்குப் பின் விளங்கியது.

எக்லூட்னாவில் என்னை மிகவும் பாதித்தது ஆறுதான். மலைமேல் உள்ள எக்லூட்னா ஏரியிலிருந்து இறங்கி வரும் ஆற்றை மறித்து 1929-இல் கீழே ஓர் அணை எழுந்தது. பின்னர் 1955 முதல் ஏரி நீர் சுரங்கவழி வேறு பக்கம் திருப்பப்பட்டு மின்நிலையத்துக்குப் போகிறது. ஆங்கரேஜ் மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதியும் அந்த ஏரியிலிருந்தே வருகிறது. பயனற்றுப்போன கீழணை, ஊராரின் நீண்டநாள் முயற்சியால், 2018-இல் அகற்றப்பட்டது. ஆனால் மேலே நீர் விடப்படாததால் ஆறு இன்னும் ஓடை அளவிலேயே ஓடுகிறது. சால்மன் ஏறிவர நீர் வேண்டும் என்று ஊரார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாலத்தடியில் கூழாங்கற்களுக்கு நடுவே கணுக்காலளவு ஓடிய அந்த நீரைப் பார்த்தபோது, நகரத்து விடுதியில் குழாயைத் திறந்து குடித்த தண்ணீர் இதுதான் என்ற எண்ணம் மனத்தை உறுத்தியது. நகரம் இந்த ஊருக்குக் கடன்பட்டிருக்கிறது. பெயர்ப்பலகைகளால் அந்தக் கடன் தீராது என்பதே என் கருத்து.

ஜூலை 14, ஞாயிறு: நெடுஞ்சாலையில்

ஆங்கரேஜிலிருந்து கெனாய் நகரம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். தெற்கே போக ஒரே சாலைதான். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் டர்னகெய்ன் ஆர்ம் என்னும் கடற்கையின் சேற்றுப்பரப்பு. காலை பத்து மணிக்கு, சாலையில் எங்களுக்கு முன்னே எங்கோ நடந்த விபத்தால் இருபக்கப் போக்குவரத்தும் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வண்டிகள் நகரவில்லை. யாரும் ஒலிப்பானை அழுத்தவில்லை. முன்னால் நின்ற சரக்கூர்தியின் ஓட்டுநர் இறங்கிவந்து, தண்ணீர் இருக்கிறதா என்று ஒவ்வொரு வண்டியாகக் கேட்டுப் போனார். பின்னால் நின்ற குடும்பம் வண்டியின் பின்கதவைத் திறந்து பிள்ளைகளுக்கு உணவு எடுத்தபோது, எனக்கும் புகையூட்டிய சால்மன் துண்டு ஒன்று வந்தது. ஆல்டர் மரப்புகையில் நாள்கணக்கில் உலர்ந்த அந்த மீன், வெளியே கருவாடுபோல் இறுகியும் உள்ளே எண்ணெய் கசியும் பதத்திலும் இருந்தது.

சாலை அடைபட்டதால் ஓதம் ஏறுவதை முழுதாகப் பார்க்கக் கிடைத்தது. இந்தக் கடற்கழியின் ஓதம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நீர்மட்டம் எட்டு, ஒன்பது மீட்டர் மாறுகிறது. நீர் வடிந்திருக்கும்போது கெட்டியான தரைபோல் தோன்றும் சாம்பல்நிறச் சேறு, பனியாறுகள் அரைத்த நுண்துகளால் ஆனது. அதில் கால் புதைந்தால் எளிதில் மீள முடியாது.

இந்த ஓதத்தோடு சேர்ந்து வாழக் கற்றவர்கள் டெனாய்னா மக்கள். மீன்கூட்டத்தைத் துரத்திக்கொண்டு வெள்ளைத் திமிங்கிலங்களான பெலூகாக்கள் ஓதத்தோடு கழிக்குள் வருகின்றன. அவற்றை வேட்டையாட, வேரோடு பிடுங்கிய பெரிய ஸ்ப்ரூஸ் மரத்தை, நீர் வடிந்த வேளையில் தலைகீழாகச் சேற்றில் நட்டுவைப்பார்கள். யுய்குல் என்று பெயர்பெற்ற அந்த மரத்தின் மேல்நோக்கிய வேர்களுக்கு நடுவே வேட்டைக்காரர் ஏறி உட்கார்ந்திருக்க, ஓதம் ஏறி மரத்தைச் சூழும். கீழே வரும் பெலூகாவின்மேல் கயிறும் காற்றடைத்த மிதவையும் கட்டிய எறியீட்டியை வீசுவார். கரையில் காத்திருக்கும் கூட்டாளிகள் படகுகளில் துரத்திப் போவார்கள். எந்த அளவுக்கு ஓதத்தையும் சேற்றையும் விலங்கின் வழக்கத்தையும் அறிந்திருந்தால் இப்படி ஒரு முறையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று சாலையோரத் தடுப்பில் சாய்ந்தபடி நெடுநேரம் யோசித்தேன். இன்று பெலூகா வேட்டை இல்லை. 1970களின் இறுதியில் ஏறக்குறைய 1300 இருந்த பெலூகாக்கள் இப்போது முந்நூற்றுச் சொச்சமே. 2008-இல் அழியும் நிலையில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நான் நின்ற நேரம் முழுதும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

1778-இல் ஜேம்ஸ் குக், ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே வடமேற்குக் கடல்வழி தேடி இந்தக் கழிக்குள் வந்தார். வழி இல்லை என்று கண்டு திரும்பும் முன், ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரியை எதிர்க்கரை முனையில் இறக்கினார். அவர் கொடி ஏற்றி, எழுதிய தாளையும் காசுகளையும் ஒரு குப்பியில் இட்டுப் புதைத்து, நாடு தம் மன்னருக்கு உரியது என்று அறிவித்தார். அந்நாட்டுக்கு உரிய மக்கள் சிலர் அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடைக்கும் ஏரிக்கும் முனைக்கும் மனிதர்களின் பெயரைச் சூட்டும் வழக்கமே டெனாய்னாவில் இல்லை எனலாம். நீர் எப்படி ஓடுகிறது, என்ன மீன் ஏறுகிறது, காற்று எங்கே படாது என்பவற்றைச் சொல்லும் பெயர்கள் அவை. வழி தெரியாதவருக்கு வழி சொல்பவை. அவற்றின் இடத்தில் குக், காம்ப்பெல், கிளார்க் என்று இந்நிலத்தோடு உறவில்லாதவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

ஜூலை 15, திங்கள்: கெனாய்

நேற்று இரவு கெனாய் வந்துசேர்ந்தபோது, முன்பணம் கட்டியிருந்த விடுதியில் எனக்கான அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். சால்மன் ஏறும் வாரம் என்பதால் ஊரில் ஓர் அறைகூடக் காலியில்லை. விடுதியின் முன்னறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த முதிய தம்பதியர் விவரம் கேட்டு, ஊருக்கு வெளியே இருந்த தம் வீட்டின் மாடியறையைத் தந்தார்கள். ஓர் இரவுக்கு 100 டாலர் போதும் என்றார்கள், விடுதியில் 260. காலையில் புளித்த மாவு அப்பமும் பிர்ச் மரப்பாகும் தந்ததற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்கள்.

கெனாய் ஆற்றின் டெனாய்னாப் பெயர் காஹ்ட்னு. இங்குள்ள மக்கள் காஹ்ட்னுஹ்தானா. ரஷ்யர்கள் 1791-இல் இங்கே கோட்டை கட்டினார்கள். அடாவடி பொறுக்காத டெனாய்னா மக்கள் 1797-இல் அதைத் தாக்கினார்கள். அவர்களை ஒடுக்கியது போரைக் காட்டிலும் நோய்தான். 1830களின் இறுதியில் பரவிய பெரியம்மை இந்த மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரைக் கொண்டுபோனது. நீல வெங்காயக் குவிமாடங்கள் கொண்ட ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்கு எதிரே, முதல் குருவான நிக்கோலாய் அடிகளாரின் கல்லறைமேல் 1906-இல் கட்டிய சிறு மரக்கோயில் நிற்கிறது. அம்மைத் தடுப்பூசியை இங்கே கொண்டுவந்தவர் என்று ஊரார் அவரை நன்றியோடு நினைக்கிறார்கள். அந்தத் தேவாலயம் இன்றும் வழிபாடு நடக்கும் இடம். அதன் பங்குமக்களில் பலர் டெனாய்னாக்கள்.

மேட்டிலிருந்து கீழே பார்த்தால் முகத்துவாரத்தின் இருகரையிலும் கூடாரங்களும் வண்டிகளும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. ஜூலை 10 முதல் 31 வரை அலாஸ்காவில் குடியிருப்போர், நீண்ட கழியில் மாட்டிய வளைய வலையால் இங்கே சொந்தத் தேவைக்கு மீன் பிடிக்கலாம். குடும்பத் தலைவருக்கு 25 சால்மன், கூடுதலாக ஒவ்வொருவருக்கும் 10 என்று கணக்கு. மார்பளவு குளிர்நீரில் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக வலையை இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடிவருகிறார்கள். கடற்பறவைகள் குடலுக்காகச் சண்டையிடுகின்றன. சால்மன் வகைகளில் மிகப் பெரியதான கிங் சால்மனின் எண்ணிக்கை சரிந்துபோனதால் அதைப் பிடிக்க இந்த ஆண்டும் தடை. அலாஸ்காவில் குடியிராதோர் வலைபோட அனுமதி கிடையாது; பார்க்கலாம். மழை விடாமல் பெய்தது. வாங்கிய மழைச்சட்டை 90 டாலர், ஆனால் அதுவே அடுத்த நாள்களில் என்னைக் காத்தது.

ஜூலை 16, செவ்வாய்: கெனாய்

கெனாய்ட்சே பழங்குடி அமைப்புக்கு இங்கே கற்பித்தலுக்கென்று தனி மீன்பிடி உரிமை உண்டு. கரையிலிருந்து கடலுக்குள் ஒரு செவுள்வலையை நீட்டிக் கட்டி, அமைப்பின் குடும்பங்கள் முறைவைத்து இழுக்கின்றன. பிள்ளைகள் அங்கேதான் வலையிழுக்கவும் மீன் அறுக்கவும் கற்கிறார்கள். மாடியறை தந்த தம்பதியரின் அண்டைவீட்டுக் குடும்பத்துக்கு இன்று முறை என்பதால், அவர்கள் அனுமதியோடு கூடப்போனேன்.

ஓதம் வடியத் தொடங்கியதும் வேலை தொடங்கியது. பாட்டி ஒருவர் மடக்கு நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை பார்த்தார். அவருடைய மகளும் இரண்டு பேரன்களும் வலையில் சிக்கிய செஞ்சால்மன்களை விடுவித்துத் தொட்டியில் இட, மகள் ஒவ்வொரு செயலுக்கும் டெனாய்னாவில் ஒரு சொல்லைச் சொல்லி, பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லவைத்தார். அவர் தம் முப்பது வயதுக்குப் பிறகு மொழியைக் கற்கத் தொடங்கியவர். கெனாய் தீபகற்பக் கல்லூரியில் டெனாய்னா வகுப்பு நடக்கிறது. ஃபேர்பேங்க்ஸில் உள்ள பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் முதியவர்களின் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்றேன் என்றார். தொண்டையை அடைத்து வெடிப்பொலியாக வெளியே தள்ளும் மெய்களை எனக்குச் சொல்லிக்காட்டினார். நாக்கின் அடியில் ஒலிக்கும் ஒன்றையும் அண்ணத்துக்குப் பின்னால் ஒலிக்கும் ஒன்றையும் பிரித்தறிய என் செவிக்கு அரைநாள் ஆயிற்று. வினைச்சொல்லின் முன்னால் யார், எதை, எப்படி, எந்தத் திசையில் என்பனவெல்லாம் முன்னொட்டுகளாக அடுக்கப்பட்டு, ஒரு வினையே முழு வாக்கியமாகிவிடுகிறது. இடம் சுட்டும்போது ஆற்றின் மேல்பக்கம், கீழ்பக்கம், நீரை நோக்கி, நீரைவிட்டு விலகி என்ற திசைகளையே பெரிதும் கொள்கிறார்கள். கரையில் நின்றுகொண்டு கேட்டபோது அந்த இலக்கணம் முழுதும் கண்முன்னே தெரிந்தது. வகுப்பறையில் கேட்டிருந்தால் இவ்வளவு விளங்கியிருக்காது.

பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மீனை எப்படிப் பிளக்க வேண்டும் என்று பேரனுக்கு பிறைவடிவ ஊலுக் கத்தியால் காட்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். தம் தாயும் தந்தையும் வீட்டில் டெனாய்னா பேசியவர்கள் என்றும், பள்ளியில் அதைப் பேசியதற்காக அடிவாங்கியவர்கள் ஆதலால், பிள்ளைகளுக்கு அந்த அடி வேண்டாம் என்று தம்மோடு ஆங்கிலமே பேசினார்கள் என்றும் சொன்னார். ‘எனக்குப் புரியும். வாயில் வராது. இப்போது மகளிடம் கற்கிறேன்’ என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் கசப்பு இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

பீட்டர் கலிஃபோர்ன்ஸ்கி என்ற பெயரை இங்கே எல்லோரும் மதிப்போடு சொல்கிறார்கள். 1911-இல் பிறந்தவர், கெனாய் வழக்கைப் பேசிய கடைசித் தலைமுறையினரில் ஒருவர். மொழியியலாளர் ஜேம்ஸ் காரி 1970களில் இம்மொழிக்கு எழுத்துமுறையை ஒழுங்குபடுத்திய காலத்தில், அறுபது வயதைக் கடந்த கலிஃபோர்ன்ஸ்கி எழுதக் கற்றுக்கொண்டு, தாம் கேட்டுவளர்ந்த கதைகளையும் நம்பிக்கைகளையும் பாடல்களையும் தம் கையாலேயே டெனாய்னாவில் எழுதத் தொடங்கினார். பிறர் கேட்டு எழுதிக்கொண்ட தொல்குடிக் கதைகள் அமெரிக்காவில் ஏராளம். கதையை அறிந்தவரே தம் மொழியில் உட்கார்ந்து எழுதியது அரிது. எழுத்துகளின் தொகுப்பு 1991-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு அமெரிக்கப் புத்தக விருதைப் பெற்றது. 1993-இல் அவர் மறைந்தார். அவருடைய குடும்பப்பெயரிலும் ஒரு வரலாறு இருக்கிறது. அவருடைய முன்னோர் ஒருவரை ரஷ்யர்கள் கலிஃபோர்னியாவில் இருந்த ராஸ் கோட்டைக்கு வேலைக்கு அழைத்துப் போனார்கள். அவர் தம் ஊர் மண்ணைச் சிறிது எடுத்துச் சென்று, ஏக்கம் மிகும்போது அதைப் பாதத்தில் தேய்த்துக்கொண்டு பாடினார் என்பது குடும்பத்தில் வழிவழி வந்த செய்தி. ஊர் திரும்பியவருக்கு அந்தத் தொலைநாட்டின் பெயரே நிலைத்துவிட்டது. அவர் குடியமர்த்திய ஊரின் பெயரில் இன்று கடற்கரைச் சாலை ஒன்று ஓடுகிறது. மாலையில் அதில்தான் திரும்பினோம்.

மதியம் கரையிலேயே சால்மன் தலைச் சூப்பு. உருளைக்கிழங்கும் வெங்காயமும் அரிசியும் சேர்த்து, மசாலா ஒன்றுமில்லாமல், மீன் கொழுப்பின் மணத்தோடு கொதிக்கக் கொதிக்க ஊற்றினார்கள். முதலில் பாட்டிக்கு, பிறகு விருந்தாளிக்கு, கடைசியில் பிள்ளைகளுக்கு. உண்டு முடித்ததும் முட்களைச் சிறுவர்கள் திரட்டிக்கொண்டுபோய் நீரில் விட்டார்கள். முள் நீருக்குத் திரும்பினால்தான் மீன் மறுபடி உடல்பெற்று வரும் என்பது பழைய நம்பிக்கை. கரையில் வீசிவிட்டுப்போவது மீனை அவமதிப்பது. எதிர்க்கரையில் பறவைகள் மொய்த்துக்கிடந்த குடல்குவியல்களைப் பார்த்தபின் அந்த ஒழுக்கத்தின் அருமை எனக்கு இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

ஜூலை 18, வியாழன்: ஆங்கரேஜ்

மேற்கே மலைகளுக்கு அப்பால் கிளார்க் ஏரிக்கரையில் உள்ள போர்ட் ஆல்ஸ்வர்த் போகச் சிறு விமானத்தில் இடம் பதிந்திருந்தேன். அந்த ஊர்களுக்குச் சாலை இல்லை. காலை எட்டு மணிக்குப் புறப்படவேண்டியது, மலைக்கணவாயில் மூடுபனி என்று பத்தாகி, ஒன்றாகி, மாலை ஐந்து மணிக்கு ரத்தாயிற்று. சென்றுவர 500 டாலருக்கு மேல். காத்திருக்கும் அறையில் மாவுமூட்டை, டயர், குழந்தைத்துணிப் பெட்டிகளோடு பத்துப்பேர் இருந்தோம். ஒருவரும் பொறுமை இழக்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த நோண்டால்ட்டன் ஊர்ப் பெரியவர், ‘வானம் சொல்லும்போது போவோம்’ என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலை 19, வெள்ளி: கிளார்க் ஏரி

காலையில் வானம் சற்று வெளுத்ததும் புறப்பட்டோம். பெரியவர் எனக்கு முன்னிருக்கை. கடற்கழியைத் தாண்டியதும், கீழே வந்த ஒவ்வோர் ஆற்றையும் முனையையும் கைகாட்டி, எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். வரிசை தப்பவில்லை, நடந்தோ படகிலோ போகிறவர் எதை முதலில் கடப்பாரோ அதே ஒழுங்கு. ஷெம் பீட் என்ற சுசிட்னாப் பெரியவரின் நினைவு வந்தது. பள்ளிக்குப் போகாத அவர், 1989-இல் மறைவதற்கு முன்பு, தாம் இளமையில் சுற்றிய நிலத்தின் இடப்பெயர்களை ஜேம்ஸ் காரிக்கும் மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபாலுக்கும் ஆறு ஆறாகச் சொல்லிக்கொடுத்தார். பிற முதியவர்கள் சொன்னவற்றோடு சேர்ந்து அது தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களின் பெயர்த்தொகுதியாக வளர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட நினைவாற்றல் ஒருவரோடு முடிந்துவிடவில்லை என்பதை முன்னிருக்கையிலிருந்து வந்த குரலில் கேட்டேன்.

ஏரி, பனியாற்றுத் துகள் கலந்து, வெளிர்நீலமாகக் கிடக்கிறது. டெனாய்னாவில் அது கிஷ்ஜே வெனா. அதன் கரையில் இருந்த கிஜிக் என்ற பேரூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொற்றுநோய்கள் பரவியபின், எஞ்சியவர்கள் நோண்டால்ட்டன் பக்கம் குடிபெயர்ந்தார்கள். நூற்றுக்கணக்கான பழைய வீட்டுக்குழிகளும் மீன் சேமித்த குழிகளும் அங்கே புல்மூடிக் கிடப்பதாகத் தேசியப் பூங்கா அலுவலகத்துக் காட்சியறையில் விளக்கினார்கள். 1891-இல் வந்த பயணக்குழு ஒன்று, தம்மோடு வந்த வணிகர் ஜான் கிளார்க்கின் பெயரை ஏரிக்கு வைத்துவிட்டுப் போனது. பிற்பகலில் தனலியன் அருவிவரை நடந்தேன். கொசுக்கள் முகமூடியையும் மீறிக் கடித்தன.

மாலையில் பெரியவர் தம் படகில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். மாவுமூட்டைகளைத் தூக்க நானும் உதவினேன். ஊரில் ஒரு கேலன் பெட்ரோல் 9 டாலர் என்றார். சால்மன் பிரிஸ்டல் வளைகுடாவிலிருந்து இலியாம்னா ஏரி வழியாக இந்த ஏரிக்கு ஏறிவரும் தடத்தருகே பெப்பிள் என்ற பெருஞ்சுரங்கம் தோண்டும் திட்டத்தை எதிர்த்து ஊரார் ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டதையும், 2023 ஜனவரியில் மத்தியச் சுற்றுச்சூழல் நிறுவனம் அதைத் தடுத்ததையும் பேசினார். மொழியைப் பற்றிக் கேட்டேன். முழுப் பேச்சுப் பேச வயதில் மூத்த ஓரிருவரே இருக்கிறார்கள். பேத்தி பழைய ஒலிப்பதிவைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு வந்து தம்மிடம் சொல்லிப்பார்ப்பாள், தாம் திருத்துவார். எங்கே திருத்துவீர்கள் என்றதற்கு, மீன் அறுக்கும் மேசையில்தான், வேறெங்கே அவள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்பாள் என்றார். சின்ஆன் என்று நன்றி சொன்னேன். அடுத்த ஜூலையில் நேரே மீன் முகாமுக்கு வாருங்கள், பரிசு எதுவும் வேண்டாம், நல்ல கையுறை ஒரு சோடி மட்டும் கொண்டுவாருங்கள், அறுக்க எப்போதும் ஆள் போதுவதில்லை என்று சொல்லிவிட்டுப் படகைக் கிளப்பினார்.